வாசல் கேட்டில் சொன்ன விலை

அன்புள்ள தயாளனுக்கு,

உன் நைனா எழுதுகிறேன். யாரிடமோ சொல்லி எழுத வைத்த கடிதம் அல்ல இது, நானே எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்தேன். இன்று செவ்வாய்க்கிழமை. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது, ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. அறுபத்தாறு வயதில் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தபோது நீயே சிரித்தாய். இப்போது பஸ் நிலையத்தில் நின்றால் செய்யாறு, போளூர், கலசப்பாக்கம் என்று ஒவ்வொரு போர்டையும் வாய்விட்டுப் படிக்கிறேன். முன்பெல்லாம் வண்டியின் நிறத்தைப் பார்த்துத்தான் ஏறுவேன். ஒருமுறை பெயிண்ட் மாற்றியடித்த வண்டியில் ஏறி வந்தவாசியில் போய் இறங்கினேன். உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த அன்று அதை மேலிருந்து கீழ்வரை மூன்று தடவை படித்தேன். உன் அம்மா, "பத்திரிக அடிச்சதே இந்த ஆளு படிக்கத்தான் போலக்கீது. ஊருக்குக் குடுக்க நாலாச்சும் மிச்சம் வெய்யிங்க" என்றாள்.

இந்தச் சந்தோஷத்தில் எழுதும் முதல் கடிதம் நல்ல சேதியாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். முடியவில்லை. நீ செய்யாற்றில் வேலையை முடித்துக்கொண்டு புதன்கிழமை சாயங்காலம் வருகிறாய். வியாழக்கிழமை காலை அந்தப் பட்டு முதலாளி வீட்டில் மெஷினை இறக்கப் போகிறாய். அதற்குள் நீ இதைப் படிக்க வேண்டும். நேரில் சொல்லலாம். ஆனால் நேரில் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், நடுவில் உன் அம்மா சோறு போட்டுவிடுவாள். அதோடு, இதில் ஒரு பகுதியை என் வாயால் சொல்லவே முடியாது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் மண்டியிட்டபோதுகூட அதைத் தாண்டிக்கொண்டு மற்றவற்றையே சொல்லி வந்திருக்கிறேன். காகிதம் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் நீ வந்து சொன்னது ஞாபகம் இருக்கிறதா? கம்பெனி ஷிப்டை விட்டு, தண்ணீர் பீய்ச்சிச் சுவர் கழுவும் மெஷின் வாங்கி, மூன்று மாதமாகச் சின்னச் சின்ன வீடுகளாகக் கழுவிக்கொண்டிருந்த உனக்கு, பெரிய தெருவில் மூன்று மாடி வீடு. முதலாளியின் மகளுக்குக் கல்யாணம், அதற்குள் வெளிச்சுவர் முழுக்கப் பாசி போக வேண்டும். இந்த வீட்டைக் கழுவினால் அந்தத் தெருவே உன்னைக் கூப்பிடும், பெண் வீட்டாரும் இனி "மாப்பிள்ளைக்கு என்ன வேலை" என்று இழுக்க மாட்டார்கள் என்று உன் கணக்கு. அதில் தப்பில்லை.

"எவ்ளோ சொன்னே?" என்று கேட்டேன்.

"எட்டாயிரம். உடனே ஒத்துக்கினாரு நைனா. தட்டுல வெத்தல பாக்கு வெச்சி ஆயிரத்தொன்னு குடுத்துட்டாரு."

"எங்க நின்னு சொன்னே?"

"கேட்டாண்டதான்."

"சந்துக்குள்ள போய்ப் பாத்தியா?"

"எந்த சந்து?"

நம் ஊர் வீடுகள் முன்னால் பார்த்தால் முப்பது அடி அகலம், பின்னால் நூறு அடி நீளம் ஓடும் என்பது உனக்குத் தெரியாததல்ல. கேட்டில் நின்றவன் கண்ணுக்கு வீட்டின் முகம் மட்டும்தான் தெரியும். மறுநாள் நீ டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டு வந்தாய். வந்தவன் சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாய். "இருவத்திரெண்டாயிரத்துக்குக் கொறையாது நைனா" என்றாய். "போய்ச் சொல்லு" என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னது இது: "நீ ஒரே பேச்சு ஆளு. ஊரே சொல்லுது. அந்த முதலாளியே சொன்னாரு, உங்க நைனா இதே கேட்டாண்ட நின்னு ஒரே வார்த்தைல வெலை சொன்னாரு, கடைசி வரைக்கும் மாத்தல, நீயும் அப்டி சொல்லுன்னு. உன் புள்ள நான் மட்டும் தட்டு வாங்கினப்புறம் போயி மாத்திப் பேசணுமா?"

நான் எழுந்து வெளியே போனேன். உனக்கு அது பெருமையில் எழுந்து போனதாகத் தெரிந்திருக்கும். நான் மாட்டிக்கொண்டேன் தயாளா. நீ எட்டாயிரத்தில் மாட்டியிருக்கிறாய். நான் அதே கேட்டில், உனக்கு ஏழு வயதாக இருந்தபோது சொன்ன விலையில் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இந்த "ஒரே பேச்சு" என்பதை இறக்கி வைத்துவிடுகிறேன். நாற்பது வருஷம் சுவரில் பாசி சுரண்டினேன், சுண்ணாம்பு அடித்தேன். சொன்ன விலையை ஒருநாளும் மாற்றியதில்லை, உண்மைதான். ஊர் அதை நாணயம் என்றது. நானும் தலையாட்டிக்கொண்டேன். ஆனால் அது நாணயம் இல்லை, பயம். விலை போதவில்லை என்று திரும்பப் போய் நின்றால், அவர்கள் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் நீட்டி, "எங்க, எழுதிக் காட்டு" என்பார்கள். என் கூட இருந்த ஒருவனுக்கு அப்படி நடந்ததைப் பார்த்தேன். அவன் பென்சிலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். வீட்டிலிருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிலைமை எனக்கு வரக் கூடாது என்பதற்காகவே நஷ்டமான வேலைகளை எல்லாம் வாயை மூடிக்கொண்டு முடித்தேன். நீ பின்பற்ற நினைக்கிற அந்த வழக்கம் இதுதான்.

இப்போது அந்த வீட்டுக்கு வருகிறேன். அப்போது பெரிய முதலாளி இருந்தார், இவருடைய அப்பா. மழைக்காலம் முடியாத நேரம். கேட்டில் நின்று, முகத்தைப் பார்த்து, ஐந்து நாள் வேலை என்று மனதில் போட்டு விலை சொன்னேன். அவரும் தட்டு வைத்தார். மறுநாள் சந்துக்குள் நுழைந்த பிறகுதான் நான் எதற்குள் நுழைந்தேன் என்று புரிந்தது. உனக்குத் தெரியும், நீ அளந்திருக்கிறாய்: இரண்டரை அடி அகலம். ஏணியைச் சாய்க்க இடம் கிடையாது. குறுக்கே சவுக்குக் கம்பு கட்டி அதில் உட்கார்ந்து, முதுகைப் பக்கத்து வீட்டுச் சுவரிலும் காலை முதலாளி வீட்டுச் சுவரிலும் முட்டுக்கொடுத்துத் தேய்க்க வேண்டும். மேலே ஒரு கோடு வானம். சுவரில் விடுகிற தண்ணீர் எல்லாம் நம் மேலேயே வடியும். பத்தடி நகர்ந்தால் கம்பை அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். ஐந்து நாள் முடிந்தபோது பாதிச் சந்துகூடத் தாண்டவில்லை. உன் அம்மாவின் கம்மல் அந்த வாரம்தான் அடகுக் கடைக்குப் போயிற்று. திரும்பவே இல்லை.

பக்கத்து வீடு ஏகாம்பரம் என்கிற நெசவாளர் வீடு. தாழ்ந்த ஒற்றை மாடி. என் முதுகு சாய்ந்திருந்த சுவருக்கு உள்ளே அவர் தறி. தறிப் பலகை அடிக்கும் ஒவ்வொரு அடியும் என் முதுகெலும்பில் அதிரும். என் தோளுக்குப் பக்கத்தில் அந்த அறையின் வென்டிலேட்டர், கண்ணாடி இல்லாத வெறும் ஓட்டை. முதல் ஐந்து நாள் அதில் கோணிப்பை சொருகிவிட்டுத்தான் வேலை செய்தேன். ஆறாம் நாள் எனக்கு அவசரம் பிடித்தது. பிளீச்சிங் பவுடரை இரண்டு மடங்காகக் கரைத்தேன். தேய்க்காமலே பாசி விட்டுவிடும் அல்லவா? கோணிப்பையை எடுத்துக் கட்டி, மறுபடி சொருகி, அதற்கெல்லாம் நேரமில்லை என்று விட்டுவிட்டேன். வாளியோடு வீசி அடித்தேன். எதிர்ச்சுவரில் பட்ட தண்ணீர் எங்கே தெறிக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

கொஞ்ச நேரத்தில் முதுகில் அதிர்வு நின்றுவிட்டது. பட்டுக்குப் பிளீச்சிங் பவுடர் எப்படி என்று நம் ஊரில் சொல்ல வேண்டியதில்லை. நிறம் போய், இழை இற்றுப்போகும். தறியில் இருந்தது கல்யாணப் புடவைக்கான பாவு நூல், அரக்கு நிறம், முதலாளிகள் கொடுத்த பட்டு. உள்ளே ஏகாம்பரம் கத்துகிற சத்தம் கேட்டது. மழைக்காலம் என்பதால் அவர் மனைவி கன்னியம்மா துணிகளைத் தறி அறையில் கயிறு கட்டி உலர்த்தியிருக்கிறாள். அதில் பிள்ளையின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, பிளீச்சிங்கில் ஊறவைத்துத் துவைத்தது. "யூனிபாரத்துலேர்ந்து சொட்டிக்கீது பாரு. எத்தினி தபா சொன்னேன், இங்க காயப் போடாதேன்னு" என்கிறார் அவர். "நான் நல்லா பிழிஞ்சிட்டுத்தான் போட்டேன். ஆண்டவன் மேல சத்தியமா ஒரு சொட்டு விழல" என்று அந்தப் பெண் அழுகிறாள். அடிக்கிற சத்தமும் ஒன்று கேட்டது. என் தோளுக்குப் பக்கத்தில், ஒரு ஓட்டைக்கு அந்தப்புறம். "அது நான்தான்" என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். கம்பில் உட்கார்ந்தபடி மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். சொன்னால் பாவுக்குப் பணம் கட்ட வேண்டும், ஏற்கெனவே நஷ்டம், என்னிடம் எதுவும் இல்லை. அவர்கள் சத்தம் அடங்கியதும் மெதுவாகக் கோணிப்பையை எடுத்து வென்டிலேட்டரில் சொருகினேன். அது எவ்வளவு பெரிய பாவம் என்று அந்த நேரத்தில்கூட எனக்குத் தெரிந்தது.

பதினொன்றாம் நாள் வேலை முடிந்தது. பெரிய முதலாளி மீதியைக் கொடுத்துவிட்டு, "ஒரே பேச்சுக்காரம்பா நீ" என்று நாலு பேர் முன்னால் சொன்னார். அந்தப் பெயர் அன்றைக்கு ஆரம்பித்ததுதான். அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாக நான் போனதில்லை. சைக்கிளைச் சுற்று வழியில் மிதிப்பேன். நீ பின்னால் உட்கார்ந்து, "ஏன் நைனா இப்டிப் போறே, பேஜாரு" என்பாய்.

அதனால் சொல்கிறேன், விலை என்பது உனக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் மட்டும் இருக்கிற விஷயம் இல்லை. நீ குறைத்துச் சொன்னதை நானே தாங்கிக்கொள்வேன் என்று நினைக்கிறாய். உன்னால் ஐந்து நாள் தாங்க முடியும். ஆறாம் நாள் கை வேகம் எடுக்கும், அந்த வேகத்துக்கான விலையைச் சந்துக்கு அந்தப்புறம் இருக்கிற யாரோ கொடுப்பார்கள். கேட்டில் நின்று ஒருபோதும் விலை சொல்லாதே. எவ்வளவு அவசரப்படுத்தினாலும், "சுத்திப் பாத்துட்டு நாளைக்குச் சொல்றேங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போ. பின்பக்கம் போ, மொட்டை மாடிக்கு ஏறு, வடக்குச் சுவரைப் பார், பாசி அங்கேதான் தடித்திருக்கும். விரல் முட்டியால் தட்டிப் பார். பூச்சு உள்ளே விட்டிருந்தால் சத்தம் வேறாக வரும், அங்கே உன் மெஷினைத் திறந்தால் பலகை பலகையாக உரியும், பழி உன் மேல். தண்ணீர் போர்வெல்லா என்று கேள். உப்புத் தண்ணீரில் கழுவிய சுவர் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும், இரண்டாவது தடவை நல்ல தண்ணீர் விட வேண்டியிருக்கும். கழுவின தண்ணீர் எங்கே போகிறது என்று பார். காலையில் தெருவில் பாவு நீட்டியிருந்தால், அதைச் சுருட்டும் வரைக்கும் உனக்கு வேலை கிடையாது. அந்த நேரமும் உன் விலைதான். பக்கத்தில் தறி இருக்கிறதா என்று இதற்கெல்லாம் முன்னால் கேள். வாசலில் நிற்கிற காரைப் பார்த்து ஏற்றவும் வேண்டாம், அவர்கள் உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார்கள் என்று இறக்கவும் வேண்டாம்.

நீ வீட்டைப் பற்றிச் சொன்ன அன்றே இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். நாலு நாள் சும்மா இருந்தேன். நீ நஷ்டப்பட்டுப் போகட்டும், என் கதை வெளியே வராமல் இருந்தால் சரி என்றுகூட ஒரு பொழுது நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடிதத்தை ஆரம்பித்து, வென்டிலேட்டர் வரை வந்ததும் பேனா நின்றுவிட்டது. அதற்கு மேல் எழுத வேண்டுமானால் முதலில் அவரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நேற்று காலை போனேன்.

கதவு திறந்தேதான் இருந்தது. தறிக்குழியிலிருந்து ஏகாம்பரம் எட்டிப் பார்த்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. "யாரு?" என்றார். வணக்கம் சொன்னேன். குரலை வைத்து, "பாசி எடுக்கற ஆளுதானே நீ? இன்னும் கீறியா? வா, குந்து" என்றார்.

நான் குந்தவில்லை. நின்றபடியே சொன்னேன். தண்ணீர் எப்படித் தெறித்தது, கோணிப்பையை ஏன் எடுத்தேன், எல்லாவற்றையும். அவர் கை தறி நாடாவின் மேலேயே இருந்தது.

"பழிய அவ மேலதான் போட்டேன்" என்றார் கடைசியில். "சட்டையிலேர்ந்து சொட்டுச்சின்னு."

"தெரியுங்க. கேட்டுக்கினுதான் இருந்தேன்."

"எங்கேர்ந்து?"

நான் வென்டிலேட்டரைக் காட்டினேன். இப்போது அதற்குக் கம்பி வலை போட்டிருக்கிறது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அவ அழுதுதும் கேட்டுதா?"

"கேட்டுதுங்க."

"அதுக்கப்புறம் பதினெட்டு வருசம் அவள நான் இந்த ரூமுக்குள்ள வர விடல. அவ கை ராசி சரியில்லன்னு நூலு சுத்தக்கூட வெளி ஆளு வெச்சேன். அவ போயி ரைஸ்மில்லுல கூலி செஞ்சா. செத்து மூணு வருசம் ஆவுது. சாவற அன்னிக்குக்கூட, நான் பிழிஞ்சிட்டுத்தான் போட்டேன்னா. நான் மூஞ்சத் திருப்பிக்கினேன்." என் பக்கம் திரும்பி, "இன்னாத்துக்கு இப்போ வந்து சொல்றே?" என்றார்.

மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று சொல்லவில்லை. அது முழு உண்மையும் இல்லை. "என் பையனும் கேட்டாண்ட நின்னு வெலை சொல்லிட்டான். வியாழக்கெழமை அந்த சந்துல எறங்கப் போறான்" என்றேன்.

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "அப்பனுக்குத் தப்பாத புள்ள. சரி, கேளு. உன் புள்ள மெஷினு சுத்தற வரைக்கும் நான் தறிய நிறுத்தணும். பாவ மூடணும். தார்ப்பா கட்டணும். மூணு நாளு. ஒரு நாளைக்கு எண்ணூறு ரூபா. யாரு குடுப்பா?"

"என் பையன் குடுப்பான்."

"உன்ன நம்பியா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. "அவன வரச் சொல்லு" என்றார். "மொதல்ல இங்க வந்து பேசட்டும். கூலி கைக்கு வந்தப்புறம்தான் சந்துக்குள்ள தண்ணி." உட்கார் என்று அவர் மறுபடி சொல்லவில்லை. நான் தெருமுனை வரை நடந்தேன். அதுவரைக்கும் தறிச் சத்தம் கேட்கவில்லை.

ஆக, மறுபடியும் ஒரு விலையை ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன், இந்தத் தடவை உன் பெயரில். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான். ஆனால் தெரிந்தே செய்தேன். இனி எட்டாயிரத்துக்கு அந்த வேலையைச் செய்ய உனக்கு வழியில்லை. ஒன்று, வியாழக்கிழமை காலை முதலாளியிடம் போய், "நான் பாக்காம சொல்லிட்டேங்க, தப்பு என்னுது" என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் அந்த ஆயிரத்தொன்றைத் தட்டிலேயே வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் திட்டுவார். உன் அப்பன் இப்படி இல்லையே என்பார். தட்டைத் திருப்பினான் என்று தெருவில் சொல்வார்கள், அது பெண் வீட்டார் காதுக்கும் போகலாம். போகாது என்று உனக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "எழுதிக் காட்டு" என்று அவர் சொன்னால் மட்டும் நீ தயங்க வேண்டாம். நீ டேப்பில் அளந்து வந்த அளவுகளை முகம், சந்து, பின்பக்கம், மேல்மாடி, தறி நின்ற நாள் என்று தனித்தனியாக ஒரு காகிதத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஏழு தடவை கூட்டினேன். ஏழு தடவையும் ஒரே தொகை வந்தது. அந்த ஏழாவது தடவை எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உன்னிடம் மறைப்பானேன். உன் அம்மா எட்டிப் பார்த்து, "சிரிச்சிக்கினே கணக்கு போடற ஆள இப்பதான் பாக்கறேன்" என்றாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. நீ படித்து முடித்ததும் இதை அவளுக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டு. கம்மல் பற்றி எழுதியதையும் விடாதே.

நான் உன்கூட வரப்போவதில்லை. நான் வந்து நின்றால் முதலாளி உன்னிடம் பேசமாட்டார், என்னைப் பார்த்து அந்தப் பழைய பேரைச் சொல்லியே உன் வாயை அடைத்துவிடுவார். மெஷினை வண்டியிலேயே விட்டுவிட்டு, முதலில் ஏகாம்பரம் வீட்டுக்குப் போ. கூலியை எண்ணிக் கையில் கொடு. பேரம் பேசாதே. அவருக்கு இப்போது கண் சரியில்லை, வாசலில் யார் நின்றாலும் யாரு என்றுதான் கேட்பார். மெஷின்காரன் என்று மட்டும் சொல், என் பெயரைச் சொல்லாதே என்று இந்த இடத்தில் முதலில் எழுதியிருந்தேன். அடித்திருக்கிறேன் பார். சொல்.

உன் நைனா